ஆயில் ஒழுகுதா? யார் ஓட்டுறது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் காரை வாங்கிக்கொண்டு போக ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவரை அழைத்து வந்தது என் தம்பி. ‘வரச் சொல்லு’ என்று தலையாட்டியது என் வீட்டுக்காரர். கார் மட்டும்தான் என்னுடையது!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக – சின்ன உடம்பு, வெள்ளை நிறம், பெட்ரோல், செகண்ட் ஹேண்ட். எனக்கு வீடு திண்டிவனத்தில், ஆபீஸ் விழுப்புரத்தில். நடுவில் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று நீளமான நெடுஞ்சாலை. தினமும் நானேதான் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். லாரிக்காரர்கள் ஓவர்டேக் செய்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, எனக்கென்ன?

பக்கத்து சீட்டில் புஷ்பம் டீச்சர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்கு எடுக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், பஸ் படி ஏறுவதென்றால் அவருக்கு மலை ஏறுகிற மாதிரி. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ‘ஜல்தி ஏறும்மா’ என்று விசில் ஊத, கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என்னோடுதான் வருகிறார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காருக்கு ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு வியாதி வந்தது. ஆயில் ஒழுக ஆரம்பித்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. என் தம்பி பாபுவுக்கு விழுப்புரம் பக்கத்தில் காணை என்கிற ஊரில் நிலம். கரும்பும் நெல்லும் போடுகிறான். பூஜைக்கு முதல் நாள் குடும்பத்து வண்டிகள் எல்லாம் அவனுடைய பம்ப் செட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சித்தப்பா வீட்டு மொபெட், மச்சான் பைக், அவனுடைய டிராக்டர், என் கார்... எல்லாம் வரிசையில் நிற்கும். பம்ப் செட்டுத் தண்ணீர் சும்மா வராது, குத்திக்கொண்டு வரும். அதில் டியூப் மாட்டிப் பாபு எல்லா வண்டியையும் கழுவுவான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அன்றைக்கு அவன்தான் பூசாரி.

இந்த வருஷம் அவனுக்கு என்ன தோன்றியதோ... வெளியே கழுவினால் போதாது, இன்ஜினையும் கழுவியே ஆக வேண்டும் என்று இறங்கிவிட்டான். டிராக்டருக்கும் அதே மரியாதை. என் கார் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, தட்டித் தூசி எடுத்தான். அப்புறம் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான். மயிலம் திருவிழாவில் வாங்கிய பளிச்சென்ற ஆரஞ்சுத் துண்டு. அதை டர்ரென்று கிழித்தான்.

“எதுக்குடா கிழிக்கிற?”

“யக்கா, நீ தள்ளிக்கோ. எல்லா ஓட்டையிலயும் துணி வச்சி அடைச்சிட்டேன்னு வையி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போவாது. இன்ஜினுக்குத் தண்ணி ஆவாது, தெரிமா?”

அக்கறைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. கழுவி முடித்ததும் கார் அப்படி ஜொலித்தது. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். டிராக்டர் ஓட்டுகிற ஏழுமலை அண்ணன் சந்தையிலிருந்து பூசணிக்காய் வாங்கி வந்து சேர்ந்தபோது கழுவுகிற வேலையெல்லாம் முடிந்திருந்தது. அவரே சுற்றிப் போட்டு உடைத்தார்.

மறு வாரம் ஆபீஸ் வாசலில் கார் நிற்கிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்.

முதலில் வேறு யாருடைய வண்டியோ என்று நினைத்தேன். அடுத்த நாள் வட்டம் பெரிசானது. “மேடம், உங்க வண்டி பாத்ரூம் போவுது” என்று வாட்ச்மேன் எல்லார் முன்னாலும் அறிவித்தார். அன்றிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்துப் போய், கார் நிறுத்துகிற இடத்தில் அடியில் விரித்து வைக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அட்டை நடுவில் தோசை அளவுக்கு ஆயில்.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் தனசேகர் என்று ஒரு மெக்கானிக். என் காரை அவரிடம்தான் விடுவேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் போய்விட்டது என்றார். கியர் பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டார். அந்த வாரமே மறுபடியும் தோசை. இந்தத் தடவை பெரிய தோசை.

“இன்ஜினே தேஞ்சிப் போச்சும்மா. இறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சி போர் பண்ணணும். வண்டி ரொம்ப நாள் இங்க நிக்கும்” என்றார். துணியில் கையைத் துடைத்தபடியே ஒரு கேள்வியும் கேட்டார். “டெய்லி யாரும்மா ஓட்டுறது?”

“நான்தான்.”

“ஓ...” என்றார்.

அந்த ‘ஓ’ இருக்கிறதே! அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

தம்பி பேசினான். போனிலேயே பேசினான். “நான் அன்னிக்கே சொன்னேன். நீ கிளட்சு மேலயே காலை வச்சிக்கினு ஓட்டுற. கியர் மாத்தாம இழுக்கற. இன்ஜின் தாங்குமா? என் டிராக்டரும் இதே கதைதான், ஆயுத பூஜையிலேர்ந்து ஆயிலாக் கக்குது. அந்த ஏழுமலை ஆக்சிலேட்டரை மிதிக்கிற மிதி அப்படி! அதான், நிறுத்திட்டேன்.”

“யாரை? வண்டியையா?”

“ஏழுமலையை. தெருவுல வச்சே நாலு திட்டு திட்டி, இனிமே வராதன்னுட்டேன்.”

ஏழுமலை அண்ணன் பாபுவின் டிராக்டரில் பல வருஷமாக உட்கார்ந்தவர். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. அவருடைய மனைவி நடவுக்குப் போவார். டிராக்டர் சீட்டுதான் அவருக்குப் பெரிய ஆதாரம். அடப்பாவி, அவரை ஏன்டா என்றேன். “உனக்குத் தெரியாதுக்கா” என்று போனை வைத்துவிட்டான். எனக்கும் அப்போது என் காரைப் பற்றிய கவலையே பெரிசாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ரொம்ப அமைதியான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “வித்துடலாமே... உனக்கும் அலைச்சல் குறையும். பஸ்தான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கே” என்றார். இரண்டு நாளில் தம்பி ஆளையே பிடித்துவிட்டான். இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். இன்ஜின் வேலை இருந்தாலும் பரவாயில்லை, அவரே பார்த்துக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

என்னை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கார், என் கால், என் கிளட்ச்... தீர்ப்பு மட்டும் அவர்களுடையது.

வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனால் ‘யார் போட்டது?’ என்று கேட்போம். டிவி படம் வராவிட்டால் ‘யார் கடைசியாப் பார்த்தது?’ என்போம். கவனித்திருக்கிறீர்களா? ஒரு பொருள் கெட்டுப்போனால் நாம் காரணத்தைத் தேடுவதே இல்லை. ஆளைத்தான் தேடுகிறோம். ஆள் கிடைத்ததும் நிம்மதி. அதற்கப்புறம் காரணம் எதற்கு? அதிலும் அந்த ஆள் எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருந்துவிட்டால் இன்னும் வசதி.

புஷ்பம் டீச்சரிடம் மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். விக்கிரவாண்டி வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அப்ப நான் வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன்மா. பஸ்ல என்னால முடியாது. இந்தப் பசங்களைப் பரிட்சைவரைக்கும் கொண்டுபோய் விட்டுடலாம்னு நெனச்சேன்... பரவால்ல, வேற யாராவது வருவாங்க.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மடியில் இருந்த ஹேண்ட்பேக்கின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பயங்கரமான கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“டீச்சர், நீங்க ஒண்ணும் எழுத வேணாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க” என்றேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். இந்த ஆயில் ஏன் ஒழுகுகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் கால்தான் காரணம் என்றால் சரி, சாவியை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதை யாராவது எனக்குக் காட்ட வேண்டும். சும்மா ‘ஓ’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டேரிப்பட்டு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். ஒழுகியதை ஈடுகட்டத் தினமும் கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. டிக்கியில் கேனோடுதான் அலைந்தேன். பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைத் திருகி எடுத்து பேட்டரி மேல் வைத்துவிட்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். மழையும் தூற ஆரம்பித்தது. பானெட்டைப் படாரென்று சாத்திவிட்டு ஓடி வந்து ஏறினேன்.

விழுப்புரம் போய்ச் சேரும்போது கருகிய வாசனை. திறந்து பார்த்தால் இன்ஜின் மேலெல்லாம் ஆயில் தெறித்து எண்ணெய்க் குளியல். மூடி? அது பேட்டரி மேலேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அத்தனை தூரமும் மூடி இல்லாமலே ஓட்டி வந்திருக்கிறேன்!

‘சரி, இன்றைக்கு அட்டையில் பரோட்டாவே இருக்கும்’ என்று நினைத்தபடி சாயங்காலம் அட்டையை இழுத்தேன். நான்கைந்து பொட்டு. அவ்வளவுதான். தோசையைக் காணோம்!

மூடியைப் போட்டு இறுக்கிக்கொண்டு திண்டிவனம் வந்தேன். வீட்டு வாசலில் அட்டையை விரித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து டீச்சரும் நானும் குனிந்து பார்த்தோம். டீச்சருக்குக் குனிய முடியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தோசை திரும்ப வந்திருந்தது.

“மூடி இல்லைன்னா அடியில ஒழுகலை. மூடி போட்டா ஒழுகுது. வேற எதுவும் மாறலை. ரோடு அதே ரோடு, ஓட்டினது நீ” என்றார் டீச்சர். கரும்பலகை முன்னால் நிற்கிற குரல் வந்துவிட்டது அவருக்கு.

“அப்ப என் கிளட்ச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை டீச்சர்!”

“இல்லைதான். இரு, இரு... எங்க வீட்டுக் குக்கர்ல இப்படி ஆச்சு. ஓரமாச் சீறிச்சுன்னு புது ரப்பர் வாங்கிப் போட்டேன். மறுபடியும் சீறிச்சு. கடைசியில பாத்தா மேல வெயிட் போடற ஓட்டையில பருப்புத் தோல் அடைச்சிக்கிட்டு இருந்திச்சு. ஆவி போற வழியை அடைச்சா அது என்ன பண்ணும்? ரப்பரைப் பிச்சிக்கிட்டுத்தான் வரும். அது ரப்பரோட தப்பா?”

நான் அங்கேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேலே ஆயில் மூடியை மெதுவாகத் திருகினேன். உள்ளேயிருந்து புஸ்ஸென்று புகையும் சூடும் என் உள்ளங்கையைத் தள்ளின. குக்கரேதான்! மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு.

இன்ஜினுக்கும் மூச்சு உண்டு. எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை கீழே ஆயில் இருக்கிற அறைக்குள் இறங்கத்தான் செய்யும். புத்தம்புது இன்ஜினாக இருந்தாலும் இறங்கும். அந்தப் புகை, ஈரம், பெட்ரோல் ஆவி எல்லாம் வெளியேற ஒரு வழி வேண்டும். அது அடைபட்டால் ஆயில் கெட்டுக் கசடாகும். உள்ளே அழுத்தம் ஏறும். எந்த இடம் இளைத்திருக்கிறதோ அந்த இடத்தில் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். புது சீல் போட்டாலும், அதையும் தள்ளும்.

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“இன்ஜினை வேற நோண்ட ஆரம்பிச்சிட்டியா? நாளைக்கு ஆள் வர்றாங்க.”

“வரட்டுமே. காபி குடுப்போம்.”

பேப்பர் மறுபடி மேலே போயிற்று.

இன்ஜின் தலைமூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகிறது. கார்புரேட்டர் பக்கமாகப் போகிற இன்னொரு குழாயின் முனையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வால்வு. தனசேகருக்குப் போன் போட்டேன். “அந்த ரப்பர் பைப்பு என்னங்க?”

“அது பிரீத்தர் பைப்பும்மா, இன்ஜின் மூச்சு விடற குழாய். அதுல ஒண்ணும் இருக்காது. அதையெல்லாம் எதுக்குத் தொட்டுக்கினு?”

ஒன்றும் இருக்காதாம்! இந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு வெறியே வந்தது. கிளிப்பைத் தளர்த்திக் குழாயை இரண்டு பக்கமும் பிடுங்கினேன். ஒரு முனையைத் துடைத்து வாயில் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. கன்னம் உப்பியது, காது அடைத்தது, மூக்கு வழியாகக்கூட வந்திருக்கும்... குழாய் வழியாக மட்டும் போகவில்லை. வாசலில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

பழைய குடைக் கம்பி ஒன்றை எடுத்து முனையை வளைத்துக் குழாய்க்குள் விட்டேன். ஏதோ மெத்தென்று மாட்டியது. இழுத்தேன். வரவில்லை. காலால் குழாயை மிதித்துக்கொண்டு இழுத்தேன். வந்தது.

துணி. ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. ஆனால் மடிப்புக்குள் பளிச்சென்று ஒரு நிறம்.

ஆரஞ்சு!

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது எல்லாம் கண் முன்னால் ஓடியது. கார்புரேட்டர் வாயில் வைத்த துணியை எடுக்காவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் பாபுவுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. இந்தக் குழாயில் வைத்த துணி உள்ளே தள்ளிப் போய்விட்டது. வண்டி ஸ்டார்ட் ஆனது, ஓடியது, யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அவன் மாட்டிக் கொடுத்தான். நான் திட்டு வாங்கினேன். அதுவும் அவனிடமே! சிரிப்பதா, அழுவதா? நான் இரண்டையும் செய்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய் எழுந்து வந்தார்.

துணியைக் காட்டினேன். விவரத்தைக் கேட்டார். அப்புறம் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “டார்ச் பிடிக்கட்டுமா?” என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

வேலை அதோடு முடியவில்லை. ஒரு குழாய் அடைத்தாலும் அந்தச் சின்ன வால்வாவது கொஞ்சம் காப்பாற்றியிருக்க வேண்டுமே? அதைப் பிடுங்கிக் குலுக்கினேன். நல்ல வால்வைக் குலுக்கினால் உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் வர வேண்டும். இது ஊமையாக இருந்தது. உள்ளே தார் மாதிரி கசடு. கார் பிறந்ததிலிருந்து எந்த சர்வீஸிலும் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் போல. ஊறுகாய் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுபடி ஊறப் போட்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் குலுக்கினேன்... டிக் டிக்!

கைக்குழந்தை முதல் வார்த்தை பேசினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் டீச்சர் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிக் காட்டினேன். அவர் வி.ஆர்.எஸ். பேப்பரைத் தேடவில்லை, கொஸ்டின் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியும்” என்றார். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை. இரும்பைக்காரர் வந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, பவ்யமான பேச்சு. பாபு ஒரு பை மல்லாட்டையை – வேர்க்கடலையைத்தான் – தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

நான் புது அட்டையைக் காருக்கு அடியில் விரித்தேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓட விட்டேன். “காபி சாப்பிடுங்க. ஒரு காபி குடிக்கிற நேரம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

காபி முடிந்தது. எல்லாரும் வெளியே வந்து குந்தினார்கள். தம்பி தலையைக் காருக்கு அடியில் நுழைத்தான். பழைய ஈரம் ஒரு பொட்டு. மீதி அட்டை கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

“இன்னாக்கா இது? ஒழுகலை?”

“ஒழுகலை.”

இரும்பைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அப்ப ரொம்ப சந்தோஷம்மா. இன்னிக்கே எடுத்துக்கறேன்!”

“மன்னிச்சிக்குங்க. விக்கறதில்லைங்க.”

“யக்கா, இன்னா பேஜாரு பண்ற? மனுஷன் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாரு...”

உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தேன். முதல் நாளே அந்தத் துணியைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசிக் காயவைத்து, காலையில் இஸ்திரியும் போட்டிருந்தேன். தட்டு நடுவில் அதை மடித்து வைத்து நீட்டினேன்.

பாபு கையில் எடுத்தான். விரித்தான். முகம் பூத்தது.

“ஐய்ய... இது என் துண்டாச்சே! மயிலத்துல வாங்கினது. எங்க இருந்துச்சி?”

“என் கார் மூச்சுக்குழாயில இருந்துச்சி. நீ வச்சது. எடுக்க மறந்தது. அதான் ஆயில் ஒழுகிச்சி. என் கால் இல்லைடா, உன் துண்டு!”

இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பைக்காரர் மல்லாட்டையை உரிப்பதில் ரொம்ப மும்முரமாகிவிட்டார். தம்பி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சமாளிக்க ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஆனால் அவன் முகம் வேறு மாதிரி மாறியது. துணியின் கிழிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

“பாபு, இது பாதிதான். மீதித் துண்டு எங்கடா?”

துணியைக் கையில் சுருட்டினான்.

“டிராக்டர்லயும்... அந்தப் பக்கத்துல கீழ பாத்துக்கினு ஒரு பைப்பு இருக்கும்... தண்ணி ஏறிடப் போவுதுன்னு...”

“ஏழுமலை அண்ணனை எதுக்குடா நிறுத்தின?”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்காவது சொந்தமாகக் கார் இருந்தது, முரண்டு பிடிக்க முடிந்தது. அட்டை விரித்து, குழாய் ஊதி, துணியை எடுத்து நிரூபிக்க முடிந்தது. ஏழுமலை அண்ணன் எந்த வண்டியைத் திறந்து காட்டுவார்? சாவியையே பிடுங்கிக்கொண்ட பிறகு!

“இப்பவே கிளம்பு. போய் அந்தப் பைப்பைப் பாரு. துணி இருந்தா, எடுத்துக்கினு நேரா அவர் வீட்டுக்குப் போ. போன்ல கூப்பிடாதே. ஆள் விட்டும் கூப்பிடாதே. நீ போ. நடந்ததை அவர் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி சொல்லு.”

“எப்டிக்கா அவங்க முன்னாடி...”

“தெருவுல வச்சித்தானே திட்டின?”

பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். மல்லாட்டைப் பையைக்கூட மறந்துவிட்டான். இரும்பைக்காரர் மட்டும் கிளம்பும்போது என்னிடம் தனியாகக் கேட்டார். “எங்க வீட்டு வண்டிகூடக் கொஞ்சம் ஆயில் கக்குதும்மா. அந்த மூச்சுக்குழாய் எங்க இருக்கும்?”

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ரப்பர் குழாயைக் கழற்றி ஊதச் சொல்லுங்கள். விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். வால்வைப் பிடுங்கிக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் சுத்தம் செய்யுங்கள், அப்போதும் பேசாவிட்டால் புதுசு போடுங்கள். நான் திங்கட்கிழமையே புதுசு வாங்கிவிட்டேன், பழையது டிக்கியில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அந்த வால்வு முனையில் விரலை வைத்தால் உறிஞ்ச வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உங்கள் கையைத் தள்ளக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகும் ஒழுகினால், அப்போது மெக்கானிக் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம். தனசேகரிடமும் போய்ச் சொன்னேன். “இதையெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?” என்றார். “நீங்கதாங்க பாக்கணும்” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இந்தத் தடவை ‘ஓ’ சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. குரலே கம்மிப் போயிருந்தது.

“இருந்துச்சிக்கா.”

“அவர் வீட்டுக்குப் போனியா?”

“போனேன். எல்லாரும் இருந்தாங்க. சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“அந்தத் துண்டை வாங்கிப் பாத்துக்கினே இருந்தாரு. அவங்க பொண்ணு அழுதுச்சி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சிக்கா... அப்புறம், சரி, காலையில வர்றேன்னாரு. ஆனா ஒரு கண்டிஷன் போட்டாரு.”

“என்ன கண்டிஷன்?”

“ஆயுத பூஜைக்கு வண்டி கழுவற அன்னிக்கு நான் பம்ப் செட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னாரு.”

அந்தக் கண்டிஷன் என் காருக்கும் சேர்த்துத்தான் என்று ஏழுமலை அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.